வடசென்னையில் கல்லூரி மாணவர்கள் வாடகை வீடு பார்ப்பது எப்படி

ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலோ, பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியிலோ, வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியிலோ இடம் கிடைத்து, விடுதி மட்டும் கிடைக்காமல் போன மாணவர்கள் வீடு தேடும்போது முதலில் விசாரிப்பது வாடகையைத்தான். வடசென்னையில் அதை இரண்டாவதாக விசாரிப்பதே நல்லது. தண்ணீர் எந்த வழியாக, எத்தனை மணிக்கு வருகிறது, ஐப்பசி கார்த்திகை மழையில் அந்தத் தெருவில் எவ்வளவு நிற்கிறது, கல்லூரிக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் இருக்கிறதா என்ற மூன்றையும் தெரிந்துகொண்ட பிறகுதான், சொல்லப்படும் வாடகை உண்மையிலேயே குறைவா என்பது புரியும்.

கல்லூரிக்கு நடந்து போகும் தூரத்திலேயே வீடு வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீட்டிக்கப்பட்டதால், தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடிப் பக்கமும் வீடு பார்க்கலாம். செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்குக் கும்மிடிப்பூண்டி மார்க்கத்துப் புறநகர் ரயிலின் மாணவர் சீசன் டிக்கெட் இன்னும் மலிவு. ஆனால் கொருக்குப்பேட்டை போன்ற இடங்களில் வீடு தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சரக்கு ரயிலுக்காக மூடிய கேட் எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, தேர்வு நாளன்று அது பெரிய தலைவலி. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓடுவதால், பைக்கில் போய்வர நினைப்பவர்கள் அந்த வழியை ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கல்லூரிச் சேர்க்கை முடியும் நேரமும் ஆடி மாதமும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. ஆடியில் குடும்பங்கள் வீடு மாறுவதில்லை என்பதால் காலி வீடுகள் அப்படியே கிடக்கும், பேரம் பேசவும் இடமிருக்கும். ஆடியில் குடிவைக்க ஓனர் தயங்கினால், டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு ஆவணி முதல் வாரத்தில் பால் காய்ச்சலாம்.

செல்போன் செயலிகளில் வரும் விளம்பரங்களில் பாதி புரோக்கர்கள் போடுபவை. அவர்கள் வழக்கமாக ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்பார்கள். இந்தப் பக்கத்துச் சந்துகளில் உள்ள போர்ஷன்கள் பல, எந்தச் செயலியிலும் வராமல் வாய்வழியாகவே கைமாறுகின்றன. இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக் கடைக்காரர், படிப்பு முடித்துக் காலி செய்யப்போகும் சீனியர் ஆகியோரிடம் சொல்லி வைப்பதே சிறந்த வழி. "எத்தனை பேருப்பா இருப்பீங்க? ஊர்ல அப்பா என்ன பண்றாரு?" என்பதுதான் ஹவுஸ் ஓனரின் முதல் கேள்வியாக இருக்கும். அதற்கு நேராகப் பதில் சொல்லிவிட்டு, பேச்சலர்களுக்குத் தயங்குபவரிடம் பெற்றோரைப் போனிலாவது பேச வைத்தால் காரியம் பாதி முடிந்ததுபோல. மூன்று பேர் என்று சொல்லி ஐந்து பேர் தங்குவதுதான் மாணவர்களுக்கு வீடு கிடைக்காமல் செய்கிறது. மீன் சமைப்பதை இங்கே பெரும்பாலான ஓனர்கள் பொருட்படுத்துவதில்லை, சைவ உணவுக் குடும்பங்கள் அதிகமுள்ள சவுகார்பேட்டைப் பக்கம் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இனி தண்ணீர். வீட்டில் மூன்று வகைத் தண்ணீர் இருக்கலாம்: குழாயிலோ அடிபம்பிலோ வரும் மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியத் தண்ணீர்), மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றும் போர் தண்ணீர், காசு கொடுத்து வாங்கும் கேன் தண்ணீர். கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிப்பது சாதாரணம். அதில் சோப்பு நுரைக்காது, பருப்பும் சீக்கிரம் வேகாது. வீடு பார்க்கப் போகும்போதே குளியலறைக் குழாயைத் திறந்து ஒரு வாளி பிடித்து, நிறத்தையும் வாடையையும் பார்த்து, ஒரு சொட்டை நாக்கில் வைத்துத் துப்பிவிட வேண்டும். பல குடித்தனங்களுக்கு ஒரே அடிபம்பு என்றால், விடியற்காலையில் வரிசையில் குடம் வைத்துப் பிடிக்க உங்களில் யார் எழுந்திருப்பது என்பதையும் வீட்டை முடிவு செய்யும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஓனரிடம் கேட்பதைவிட, பக்கத்துப் போர்ஷன் அம்மாவிடம் "அக்கா, தண்ணி எப்படி வருது?" என்று கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

மழைக்கும் அதே அக்காதான் சாட்சி. பக்கிங்காம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நல்லா கால்வாய் ஆகியவற்றின் ஓரங்களிலும் வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளம் தெருக்களிலும் தரைத்தளம் வேண்டாம் என்பதே என் கருத்து. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூர்ப் பகுதி வீடுகளுக்குள் வெள்ளத்தோடு எண்ணெயும் புகுந்தது. புதிதாகப் பெயிண்ட் அடித்த சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கீழே மட்டும் பூச்சு பொரிந்து, சுவிட்ச் போர்டின் திருகுகள் செந்துரு ஏறியிருந்தால், அங்கே தண்ணீர் நின்றதா, வெறும் உப்புக் காற்றா என்று விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று. தனி மீட்டராக இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஓனரின் இணைப்பிலிருந்து பிரித்து வைத்த சப் மீட்டர் என்றால் ஓனர் யூனிட்டுக்கு ஒரே விலை போடுவார், அந்த விலையை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பத்து மாத அட்வான்ஸ் கேட்பது சென்னையின் பழைய வழக்கம். 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும், ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டத்தைக் காட்டிச் சண்டையிட்டால் மாணவருக்கு வீடு கிடைக்காது. ஆனால் அது தெரியும் என்பதைப் பணிவாகச் சொன்னால் பத்து ஐந்தாகக் குறைய வாய்ப்புண்டு. பதினெட்டு வயது நிறையாதவர்கள் பெற்றோர் பெயரில் ஒப்பந்தம் போட வேண்டும். மொத்தத் தொகையை வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் விடும் 'லீஸ்' முறையை மாணவர்கள் தொடவே வேண்டாம்; ஓனர் அல்லாத ஒருவர் வீட்டைக் காட்டிப் பணத்தோடு மறைந்த கதைகள் நகரில் ஏராளம்.

பெண்கள் தனியார் விடுதிகளைப் பார்க்கும்போது, 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் வழங்கிய உரிமம் உள்ளதா என்று கேட்கலாம். இல்லாத இடத்தைத் தவிர்த்துவிடலாம்.

குடிபோகும் நாளன்றே மீட்டர் ரீடிங், சுவர், குழாய், கதவுத் தாழ்ப்பாள் ஆகியவற்றைப் படமெடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே பரவலான பழக்கம். அது எவ்வளவு என்பதையும், நண்பர்களில் ஒருவர் பாதியில் விலகினால் அவருடைய அட்வான்ஸ் பங்கை யார் கொடுப்பது என்பதையும் முதல் மாத வாடகை கொடுப்பதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.