நம்ம குமரி ஜில்லா காலேஜ் கிரவுண்டோட பழைய கதைய தேடி எடுக்குறது எப்படி

கட்டடத்துக்கெல்லாம் கல்வெட்டு இருக்கு, கிரவுண்டுக்கு யாரும் வைக்கல. அதனாலதான் வாலிபால் கோர்ட்டு எப்ப போட்டாங்க, கேரம் போர்டு எந்த ரூம்ல கெடந்துச்சுன்னு கேட்டா ஆளுக்கொரு வருஷம் சொல்றாங்க. இத எழுதணும்னு ஆசை இருக்கவங்க விழா மலர்ல இருந்து ஆரம்பிக்காதீங்க, பழைய கணக்கு நோட்ட கேளுங்க.

ஏன்னா நம்ம குமரி ஜில்லாவுக்கு ஆனி ஆடிச் சாரலும் உண்டு ஐப்பசி மழையும் உண்டு, மண் கோர்ட்டுன்னா மழை முடிஞ்சதும் மண்ணடிச்சு ரோலர் இழுத்து கோடு போட்டாத்தான் ஆட முடியும், அந்த கூலிய எழுதாம விடமாட்டாங்க. நெட்டு வாங்குனது, பந்து வாங்குனது, மண் கூலி, இது மொதல்ல எந்த வருஷத்துல வருதுன்னு பாத்துக்கிடுங்க, கோர்ட்டுக்கு வயசு கிட்டத்தட்ட அதுதான். எனக்கு இதவிட நம்பிக்கையான சாட்சி வேற தெரியல.

1949 வரைக்கும் நாம திருவிதாங்கூர் சமஸ்தானம், பெறவு 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி, அதனால பழைய நோட்டுல சமஸ்தானத்துக் காசான சக்கரத்துல கணக்கு வரும், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். தேதி கொல்லம் ஆண்டுல (மலையாள ஆண்டு) இருந்தா, இங்கிலீஷ் வருஷம் கெடைக்க ஆவணி தொடங்கி டிசம்பர் வரை 824 கூட்டணும், ஜனவரிக்கு பெறவு 825. 1112ன்னு இருந்தா அது 1936-37. இத விட்டுட்டா ஒரு வருஷம் தப்பிரும்.

வாய்மொழியா சொல்றத ஆட்டத்தோட வயச வச்சு சோதிங்க. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி காலேஜ் ஆனது 1893ல, வாலிபால அமெரிக்காவுல கண்டுபிடிச்சதே 1895ல, அப்ப "காலேஜ் தொடங்குன அன்னைக்கே வாலிபால்"னு யாராச்சும் சொன்னா அது நடக்காது. மெட்ராஸ்ல ஹாரி க்ரோ பக் ஒய்எம்சிஏ உடற்கல்வி காலேஜ தொடங்குனது 1920ல, உங்க மொத பி.டி. சார் அங்க படிச்சவரான்னு கண்டிப்பா விசாரிங்க.

ஸ்போர்ட்ஸ் டே நோட்டீஸ்ல 440 கெஜ ஓட்டம்னு இருந்தா அது மீட்டர் வர்றதுக்கு முந்துன காலம். கப்புல வெட்டுன வருஷத்தயும் குறிச்சிக்கோங்க. டீம் போட்டோவுல ஆளுங்க முகத்த விட பின்னால தெரியுற மரம், கூரை, போஸ்டு இதத்தான் பெருசாக்கி பாக்கணும், கோர்ட்டு எங்க இருந்துச்சுன்னு அதுதான் காட்டும்.

நம்ம காலேஜுகள் சேர்ந்திருந்த யுனிவர்சிட்டி மாறிக்கிட்டே இருந்துச்சு. மொதல்ல மெட்ராஸ், 1937ல திருவிதாங்கூர், 1956க்கு பெறவு திரும்ப மெட்ராஸ், 1966ல மதுரை, 1990ல மனோன்மணியம் சுந்தரனார். காலேஜுகளுக்கு நடுவுல நடந்த போட்டி ரிசல்ட்ட அந்தந்த இடத்துல தேடுங்க.

பழைய மாணவங்கள வீட்டுல வச்சு பேட்டி எடுக்காதீங்க, முடிஞ்சா மெதுவா கைய புடிச்சு கிரவுண்டுக்கே கூட்டிட்டு போங்க. "சார், நீங்க சர்வீஸ் போட்டது எந்த பக்கம் நின்னு?"ன்னு கேட்டா அவங்களே நடந்து போய் நின்னு காட்டுவாங்க, அந்த இடத்த அப்பவே அளந்து வரைஞ்சிருங்க.