நியூ ஜெர்சிக் கணக்கை மேட்டூர்க் கணக்கு மாதிரி படிப்பது

2020 மார்ச்சில் என் மகள் நியூ ஜெர்சி மாநிலத்தில், எடிசனில் இருந்தாள். நான் மன்னார்குடிப் பக்கம் கடைமடை விவசாயி. டிவியில் அமெரிக்கா முழுவதற்கும் ஒரே கொரோனா எண்ணைப் போடுவார்கள், வீட்டில் அழுகை தொடங்கிவிடும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கு, நாளைக்கு இன்னொரு தொற்று வந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் நாட்டுக் கணக்கை விடுங்கள். மாநிலம், அதற்குள் மாவட்டம் என்று இறங்குங்கள். அங்கே அதைக் கவுன்டி என்பார்கள். நியூ ஜெர்சியில் 21 இருக்கின்றன. மார்ச் 4-ஆம் தேதி முதல் தொற்றை அறிவித்தது பெர்கன் கவுன்டியில், நியூயார்க்குக்குப் பக்கத்தில். எடிசன் இருப்பது மிடில்செக்ஸில். அம்மாநில ஜனத்தொகை 2020-இல் சுமார் 93 லட்சம்தான், அதையும் மனதில் வையுங்கள்.

அப்புறம், எந்த எண்ணை நம்புவது? மேட்டூரில் நாம் நீர்வரத்தைப் பார்த்து மட்டும் நாற்று விடுவதில்லை, மட்டத்தையும் பார்ப்போம். தினசரித் தொற்று, வரத்து மாதிரி. பரிசோதனை கூடினால் அதுவும் கூடும்; அந்த மார்ச்சில் பரிசோதனையே பற்றாக்குறை, அதனால் அசலைவிடக் குறைவாகத்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களின் எண்ணிக்கைதான் மட்டம். ஏப்ரல் நடுவில் அது 8,000-ஐத் தாண்டி, பிறகு இறங்கியது. நாள்காட்டித் தாளின் பின்பக்கம் தினமும் அதை மட்டும் குறித்தேன்.

சாவு எண்ணிக்கை கடைமடைத் தண்ணீர். மேட்டூரில் திறந்தால் கல்லணைக்கு மூன்று நான்கு நாள், எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் பல நாள். அதேபோல் இன்றைய சாவு, இரண்டு மூன்று வாரம் முந்தைய தொற்று. மட்டம் இறங்கிய பிறகும் சாவு வந்துகொண்டிருந்ததைப் பார்த்து என் மனைவி பயந்தாள். இதைச் சொல்லித்தான் சமாதானப்படுத்தினேன். ஞாயிறு குறைந்து செவ்வாய் எகிறினாலும் பதற வேண்டாம், வாரக்கடைசியில் கணக்கு எழுதுபவர் குறைவு. ஜூன் 25-இல் 1,854 சாவுகள் ஒரே நாளில் சேர்ந்தன. முன்பே இறந்தவர்கள், கொரோனாவாக இருக்கலாம் என்று பிறகு சேர்க்கப்பட்டவர்கள். எனக்கும் அன்று நெஞ்சு அடைத்தது, உண்மை.

கடைசியாக, போன். கோடையில் அவர்களுக்குக் காலை 9 என்றால் நமக்கு மாலை 6.30. எடுத்தவுடன் எண்ணைக் கேட்காதீர்கள். நான் கேட்டபோது மகள் சொன்னாள்: "அப்பா, இங்கே ரசப்பொடி தீர்ந்துபோச்சு, அதைச் சொல்லு."