அமெரிக்க உணவகத்தில் டிப்ஸ்: மெனுவைப் பார்ப்பதில் இருந்து ரசீதில் கையெழுத்திடுவது வரை

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு உணவகத்தில் என்ன சாப்பிடுவது என்பது பெரிய குழப்பமில்லை. சாப்பிட்டு முடித்ததும் மேசைக்கு வரும் பில்தான் குழப்பம். எவ்வளவு வைக்க வேண்டும், ஏற்கெனவே சேர்த்துவிட்டார்களா, வைக்காவிட்டால் கேட்பார்களா என்று தெரியாமல் சிலர் இரண்டு முறை டிப்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். சிலர் ஒன்றுமே கொடுக்காமல் எழுந்து வந்துவிடுகிறார்கள். முதலாவதில் உங்கள் பணம் வீணாகிறது, இரண்டாவதில் பரிமாறியவரின் உழைப்பு வீணாகிறது. பேனாவை எடுப்பதற்கு முன் பில்லை இரண்டு நிமிடம் நிதானமாகப் படித்தால் இரண்டையும் தவிர்த்துவிடலாம்.

ஏன் கொடுக்க வேண்டும்?

சம்பளம் வாங்குகிறவருக்கு நாம் எதற்குத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அதற்கான பதில் அந்நாட்டின் கூலிச் சட்டத்தில் இருக்கிறது. ஃபெடரல் சட்டப்படி, அதாவது நாடு முழுவதற்குமான மத்திய அரசின் சட்டப்படி, டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான். 1991 முதல் அது ஒரு சென்ட்கூட உயரவில்லை. மற்ற ஊழியர்களுக்கான குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். நடுவில் இருக்கும் 5.12 டாலரை வாடிக்கையாளர்களின் டிப்ஸ் நிரப்பும் என்று சட்டமே கணக்கில் வைத்திருக்கிறது. நிரம்பாவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்பது விதி.

பல மாநிலங்கள் இதைவிட அதிகக் கூலியை நிர்ணயித்திருக்கின்றன. கலிபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன், நெவாடா, மொன்டானா, மின்னசோட்டா, அலாஸ்கா ஆகிய 7 மாநிலங்களில் டிப்ஸைக் கணக்கில் சேர்க்காமலே முழுக் குறைந்தபட்சக் கூலியையும் கொடுத்தாக வேண்டும். ஆனாலும் அங்கேயும் மேசைக்கு வந்து பரிமாறும் உணவகங்களில் டிப்ஸ் வழக்கம் மாறவில்லை. நம்மவர்கள் நடத்தும் இட்லி, தோசைக் கடையானாலும் இதே வழக்கம்தான். நம் ஊர்க்காரர்தானே என்று ஒன்றும் வைக்காமல் வருவது அங்கே பரிமாறுகிறவருக்குச் செய்யும் அநியாயம்.

படி 1: ஆர்டர் செய்யும் முன் மெனுவின் அடிப்பகுதியைப் பாருங்கள்

கூட்டமாகப் போகும்போது இதை மறக்கவே கூடாது. ஆறு பேருக்கு மேல், அல்லது எட்டுப் பேருக்கு மேல் ஒரே மேசையில் உட்கார்ந்தால் 18 அல்லது 20 சதவீதம் தானாகவே பில்லில் சேரும் என்று மெனுவின் கடைசி வரியில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். இதுதான் ஆட்டோ கிராஜுட்டி. பெரிய கூட்டம் வந்தால் ஒரு சர்வரின் மாலை நேரம் முழுவதும் அந்த ஒரே மேசையில் போய்விடும். பத்துப் பேரும் பில்லைப் பங்கு போடும் அவசரத்தில் டிப்ஸை மறந்துவிட்டால் அவருக்கு அன்றைய வருமானமே இல்லை. அதற்கான பாதுகாப்பாகத்தான் இந்த ஏற்பாடு வந்தது.

சுற்றுலாப் பயணிகள் அதிகம் வரும் இடங்களில் ஆள் கணக்கே கிடையாது. மயாமி பீச்சில் பல உணவகங்கள் இரண்டு பேர் உட்கார்ந்தாலும் சேர்த்துவிடும். டிப்ஸ் பழக்கம் இல்லாத நாட்டினர் அங்கே ஏராளமாக வருவதே காரணம். அப்படிச் சேர்க்கும் உணவகம் அதை மெனுவிலும் பில்லிலும் அறிவித்தாக வேண்டும் என்று ஃப்ளோரிடா மாநிலச் சட்டம் சொல்கிறது. குடும்ப விழாவுக்கு இடம் பதிவு செய்வதாக இருந்தால் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். பின்னால் வரும் மனக்கசப்பு பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வருவதுதான்.

படி 2: பில்லை வரி வரியாகப் படியுங்கள்

மேலே நீங்கள் சாப்பிட்டவை, அதன் கீழே சப்டோட்டல் (வரி சேர்க்கும் முன் வரும் கூட்டுத்தொகை), பிறகு விற்பனை வரி. வரிக்கும் மொத்தத் தொகைக்கும் நடுவில் வேறு ஏதாவது கட்டணம் இருக்கிறதா என்று பாருங்கள். கிராஜுட்டி, சர்வீஸ் சார்ஜ், கிச்சன் ஃபீ, சர்சார்ஜ் என்று பல பெயர்களில் அது வரலாம்.

ஓர் உதாரணம். நியூயார்க் நகரில் எட்டுப் பேர் சாப்பிட்டதற்கு 180 டாலர். அந்நகரின் 8.875 சதவீத விற்பனை வரி 15.98 டாலர். ஆட்டோ கிராஜுட்டி 18 சதவீதம், அதாவது 32.40 டாலர். மொத்தம் 228.38 டாலர். இதற்குக் கீழேயும் டிப் என்று எழுதி ஒரு வெற்றுக் கோடு இருக்கும், ஏனென்றால் ரசீது அச்சடிக்கும் இயந்திரம் எல்லா ரசீதிலும் அந்தக் கோட்டைப் போடும். அங்கே பழக்கதோஷத்தில் மொத்தத் தொகைக்கு 20 சதவீதம் போட்டு 45.68 என்று எழுதினால், 180 டாலர் சாப்பாட்டுக்கு 78.08 டாலர் டிப்ஸ் கொடுத்தவர் ஆகிறீர்கள். கிட்டத்தட்ட 43 சதவீதம்! கிராஜுட்டி சேர்த்தாகிவிட்டது என்றால் அந்தக் கோட்டில் ஒரு சிறு கோடு கிழித்துவிட்டு, மொத்தத்தில் 228.38 என்றே எழுதலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பெயரைக் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்களாக மனமுவந்து கொடுக்கும் டிப்ஸ் ஊழியர்களுக்கே சொந்தம். முதலாளியோ மேனேஜரோ அதில் பங்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-இல் திருத்தப்பட்ட ஃபெடரல் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. கட்டாயமாகச் சேர்க்கப்படும் தொகையின் நிலை வேறு. கொடுப்பதா வேண்டாமா, எவ்வளவு, யாருக்கு என்பதை வாடிக்கையாளர் தீர்மானிக்க முடியாவிட்டால் அது டிப்ஸ் அல்ல, சர்வீஸ் சார்ஜ் என்கிறது வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். 2014 ஜனவரி முதல் ஆட்டோ கிராஜுட்டியையும் இப்படித்தான் நடத்துகிறார்கள். அந்தப் பணம் முதலில் உணவகத்தின் வருமானம். ஊழியருக்குப் போனால் அது சம்பளமாகத்தான் போகும். முழுவதும் போயாக வேண்டும் என்று ஃபெடரல் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

2025-இல் வந்த வரிச் சட்டம் இந்த வேறுபாட்டை இன்னும் ஆழமாக்கிவிட்டது. ஊழியர்கள் ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸை 2028 வரை வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் சலுகை மனமுவந்து கொடுத்த டிப்ஸுக்கு மட்டும்தான். தானாகச் சேர்ந்த தொகைக்கு இல்லை. ஒரே 30 டாலர், பில்லில் எந்தப் பெயரில் வந்தது என்பதைப் பொறுத்துப் பரிமாறியவர் கையில் வேறு வேறு தொகையாக நிற்கிறது.

ஆகவே பில்லில் சர்வீஸ் சார்ஜ் இருந்தால், அது உங்களுக்கு வருகிறதா என்று சர்வரிடமே மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் நேர்மையான பதில் கிடைக்கும். வருகிறது என்றால் அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். இல்லை என்றால் வழக்கமான டிப்ஸைத் தனியாகக் கொடுப்பதே முறை என்பது என் கருத்து. உங்களுக்குப் பரிமாறியவர் அவர். கட்டணத்தை முடிவு செய்தவர் வேறொருவர்.

படி 3: கணக்குப் போடுங்கள்

தானாக எதுவும் சேரவில்லை என்றால் 18 முதல் 20 சதவீதம் இன்றைய வழக்கம். 15 சதவீதம் என்பது சுமாரான சேவைக்கான அடையாளமாக ஆகிவிட்டது. வரிக்கு முந்தைய தொகைக்குக் கணக்கிட்டால் போதும்.

சப்டோட்டல் 46 டாலர் என்று வைத்துக்கொள்வோம். புள்ளியை ஓர் இடம் இடப்பக்கம் நகர்த்தினால் 4.60, அது 10 சதவீதம். இரட்டிப்பாக்கினால் 9.20, அது 20 சதவீதம். அதில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் 8.28, அது 18 சதவீதம். நியூயார்க் நகரில் இன்னும் சுலபம்: பில்லில் போட்டிருக்கும் வரியை அப்படியே இரட்டிப்பாக்கினால் 17.75 சதவீதம் வந்துவிடும்.

ரசீதின் அடியில் அச்சிட்டிருக்கும் பரிந்துரைத் தொகைகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். சில இடங்களில் வரியையும் சேர்த்துக் கணக்கிட்டிருப்பார்கள். கூப்பன் கொடுத்து 50 டாலர் சாப்பாட்டை 30 டாலருக்குச் சாப்பிட்டிருந்தால் டிப்ஸ் 50 டாலருக்குத்தான். பரிமாறிய வேலையில் தள்ளுபடி எதுவும் இல்லையே.

எல்லா இடத்திலும் ஒரே அளவு அல்ல

நீங்களே எடுத்துப்போட்டுச் சாப்பிடும் பஃபேயில் 10 சதவீதம் போதும். கவுன்டரில் காப்பி வாங்கும்போது திரையைத் திருப்பிக் காட்டுவார்கள். அங்கே டிப்ஸ் உங்கள் விருப்பம், வேண்டாம் என்ற பொத்தானைத் தயங்காமல் அழுத்தலாம். பார்சல் வாங்குவதற்கும் அப்படியே. வீட்டுக்கு வரவழைத்தால் மட்டும் கவனம்: டெலிவரி ஃபீ என்பது கொண்டுவருபவருக்கான டிப்ஸ் அல்ல.

படி 4: சேவை சரியில்லை என்றால்

சாப்பாடு தாமதமானதற்குச் சமையலறை காரணமாக இருக்கலாம். சர்வர் தன் டிப்ஸில் ஒரு பகுதியை மேசை துடைப்பவருக்கும் பார் ஊழியருக்கும் கொடுப்பது பல உணவகங்களில் நடைமுறை. அதுவும் விற்பனைத் தொகையை வைத்துக் கணக்கிடப்பட்டால், நீங்கள் எதுவும் வைக்காத மேசைக்கு அவர் தன் கையிலிருந்து கொடுக்க நேரிடும். அதனால் குறை இருந்தால் மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், டிப்ஸைக் குறையுங்கள், ஆனால் அடியோடு விடாதீர்கள்.

ஆட்டோ கிராஜுட்டி சேர்ந்த பில்லில் உங்களுக்குக் குறை இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே மேனேஜரிடம் பேசுங்கள். பல மேனேஜர்கள் அதை எடுத்துவிடுவார்கள் அல்லது குறைப்பார்கள். கோபித்துக்கொண்டு அந்தத் தொகையை மட்டும் கழித்துக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டாம். 2009-இல் பென்சில்வேனியாவின் பெத்லகேம் நகரில் சேவை மோசம் என்று 18 சதவீத கிராஜுட்டியைக் கொடுக்க மறுத்த இருவரைப் போலீஸ் கைது செய்தது. வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் விசாவில் இருக்கும் ஒருவர் அந்த அளவுக்கு விஷயத்தை வளர்த்துக்கொள்ளத் தேவையே இல்லை.

படி 5: ரசீதில் எழுதிக் கையெழுத்திடுங்கள்

சர்வர் உங்கள் கார்டை எடுத்துப் போய், இரண்டு ரசீதுகளுடன் திரும்பி வருவார். மெர்ச்சன்ட் காப்பி (உணவகத்துக்கான பிரதி) என்று போட்டதில் டிப்ஸ் தொகை, கூட்டிய மொத்தம், கையெழுத்து மூன்றும் வேண்டும். மொத்தத்தை எழுதாமல் விடாதீர்கள். டிப்ஸை ரொக்கமாக வைப்பதாக இருந்தால் அந்தக் கோட்டில் ரொக்கம் என்று ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள். ரொக்கமாகக் கொடுப்பது அவருக்கும் நல்லது: கார்டு டிப்ஸில் கார்டு நிறுவனத்தின் கட்டணத்தை முதலாளி கழித்துக்கொள்ளப் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. கலிபோர்னியா அனுமதிப்பதில்லை.

உங்களுக்கான கஸ்டமர் காப்பியில் அதே எண்களை எழுதி எடுத்து வாருங்கள். அன்றிரவு வங்கிச் செயலியில் டிப்ஸ் சேராத தொகை தெரியும். ஓரிரு நாளில் முழுத் தொகையாக மாறும். நீங்கள் எழுதியதைவிட அது அதிகமாக இருந்தால், முதலில் உணவகத்தை அழையுங்கள். அவர்கள் சரிசெய்யாவிட்டால் அந்த ரசீதைப் படமெடுத்து வங்கிக்கு அனுப்பலாம்.