சொந்தக் கெர்னலை மெமரியில் ஏற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் சேலம் அம்மாபேட்டையில் என் வீட்டு மாடிக்கு நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். பக்கத்துத் தறிச் சத்தத்துக்கு நடுவே சொந்தமாகக் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, எழுதிப் பழகுகிறார்கள். போன வாரம் ஒரு தம்பி, “கியூஎமுவுல நல்லா ஓடுதுங்கண்ணா, நிஜக் கம்ப்யூட்டர்ல போட்டா ரீஸ்டார்ட் ஆயிட்டே இருக்குது” என்றான் (கியூஎமு என்பது கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கும் மென்பொருள்). ஒரு காலத்தில் நானும் இதே வாக்கியத்தைச் சொல்லித் திரிந்தவன். கம்பைலரே காட்டிக்கொடுக்கும் சில்லறைப் பிழைகளை விட்டுவிடுகிறேன்.

பிஎஸ்எஸ்ஸைப் பூஜ்ஜியமாக்காமல் விடுவது

மதிப்புக் கொடுக்காத குளோபல் மாறிகள் பிஎஸ்எஸ் பகுதிக்குப் போகும். எல்லாம் பூஜ்ஜியம்தான் என்பதால் கோப்பில் அவற்றுக்கு இடம் கிடையாது. அளவு மட்டும் எல்ஃப் ஹெட்டரில், அதாவது எல்ஃப் வகைக் கோப்பின் தலைப்புக் குறிப்பில், இருக்கும். கெர்னலை மெமரியில் ஏற்றும் பூட்லோடரான கிரப் அந்த அளவைப் படித்துப் பூஜ்ஜியத்தை நிரப்பிவிடும். ஆனால் ஆப்ஜ்காப்பி என்னும் கருவியால் வெறும் பைனரியாக்கி, நாமே எழுதிய பூட்லோடரால் ஏற்றினால் ஹெட்டரே இருக்காது. பிறகு யார் நிரப்புவது?

மெமரியைப் பக்கம் பக்கமாகப் பங்கிட்டுத் தரும் என் பேஜ் அலொகேட்டரில், பாயின்டர் பூஜ்ஜியமாக இருந்தால் பட்டியலைப் புதிதாகத் தொடங்கு என்று எழுதியிருந்தேன். கியூஎமு தரும் ரேம் பூஜ்ஜியமாகவே தொடங்குவதால் அங்கே ஒருநாளும் தவறவில்லை. பழைய பென்டியம் பெட்டியில் அந்த இடத்தில் குப்பை. குப்பை முகவரியைத் தொட்டதும் பேஜ் ஃபால்ட் என்ற பிழை. அதைப் பிடிக்க ஐடிடி (பிழை வந்தால் எந்தக் கோடுக்குப் போவது என்று சிபியுவுக்குச் சொல்லும் அட்டவணை) இன்னும் அமைக்கவில்லை. பிழைமேல் பிழையாகி டிரிபிள் ஃபால்ட், ரீசெட். ஒருநாள் கரண்ட் போய் வந்தபின் ஒருமுறை மட்டும் ஒழுங்காக ஓடியது, அது இன்னும் குழப்பியது. முகவரிகளை நிஜ மெமரிக்கு மாற்றித் தரும் பேஜிங் கோடில் தப்பே இல்லை, அதை மூன்று வாரம் திருத்தினேன். நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

சரி, செய்ய வேண்டியது இதுதான். எந்தப் பகுதி எந்த முகவரியில் என்று லிங்கருக்குச் சொல்லும் லிங்கர் ஸ்கிரிப்டில் பிஎஸ்எஸ்ஸின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் பெயர் வையுங்கள். சி ஃபங்ஷன் எதையும் கூப்பிடும் முன், அசெம்பிளியிலேயே இடைப்பட்டதைப் பூஜ்ஜியமாக்குங்கள். அப்புறம், கெர்னலோடு சேர்த்து ஏற்றும் தொடக்கக் கோப்புத் தொகுப்பான இனிட்ஆர்டியை அந்த முடிவுக்கு அப்பால் ஏற்றுங்கள். பைனரி முடிந்த இடத்திலேயே வைத்தால், நீங்கள் பூஜ்ஜியமாக்கும்போது அதுவும் சேர்ந்து அழியும். தம்பியின் கெர்னலில் இந்த இரண்டு தவறுமே இருந்தன.

லிங்கர் வைத்த பெயரைச் சாதாரண மாறியாகப் படிப்பது

அந்தப் பெயரின் முகவரிதான் உங்களுக்கு வேண்டியது. சி-யில் அதை அர்ரேயாக அறிவியுங்கள்.

லிங்க் முகவரியையும் லோடு முகவரியையும் குழப்புவது

32 பிட் கெர்னலை 3 ஜிபி முகவரியில் ஓடுவதாக லிங்க் செய்து, நிஜத்தில் 1 எம்பி முகவரியில் ஏற்றுவது வழக்கம். பேஜிங் தொடங்கும்வரை 3 ஜிபி முகவரி எதையும் தொடாதீர்கள்.

மல்டிபூட் ஹெட்டரைப் பின்னால் தள்ளுவது

கிரப் கெர்னலை அடையாளம் காணும் குறிப்பு இது. கோப்பின் முதல் 8192 பைட்டுக்குள் இருந்தாக வேண்டும்.

மேப் கோப்பைத் திறக்காமல் இருப்பது

எந்தப் பெயர் எந்த முகவரியில் விழுந்தது என்று லிங்கர் எழுதித் தரும் கோப்பு அது. திறங்கள்.