ஹகாட்டா ராமென் கடையில் முதல்முறை சாப்பிடுபவர்களுக்கு

ஹகாட்டா ராமென், ஜப்பானின் ஃபுகுவோக்கா நகரத்துக்குப் பேர்போன உணவு. பன்றி எலும்புகளைப் பல மணி நேரம் கொதிக்கவிட்டு, பால்போல வெளுத்து வரும் டொன்கோட்சு சாற்றில், மெல்லிய கோதுமை நூடுல்ஸைப் போட்டுத் தருவார்கள். மேலே வைக்கும் இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டாலும் சாறு பன்றிச் சாறுதான் என்பதால், சைவர்களும் பன்றியிறைச்சியைத் தவிர்ப்பவர்களும் வேறு கடையைப் பார்ப்பது நல்லது.

முதல் படி: சீட்டு வாங்குதல்

பல சிறு கடைகளில் வாசலருகே சீட்டு இயந்திரம் இருக்கும். முதலில் பணத்தைப் போட வேண்டும். பிறகுதான் பொத்தான்களில் விளக்கு எரியும். ஜப்பானிய மொழி படிக்கத் தெரியாதவர்கள் மேல்வரிசையில் இடது ஓரத்துப் பொத்தானை அழுத்தலாம்; பெரும்பாலும் அந்தக் கடையின் பிரதான ராமென் அங்கேதான் இருக்கும். நாணயங்களையும் 1000 யென் தாளையும் மட்டுமே ஏற்கும் இயந்திரங்கள் நிறைய உண்டு. 2024 ஜூலையில் வெளிவந்த புதிய தாள்களைச் சில பழைய இயந்திரங்கள் ஏற்பதில்லை என்பதால், கையில் சில்லறை வைத்திருங்கள். மீதிப் பணத்தை எடுக்க மறந்துவிடாதீர்கள்.

இரண்டாம் படி: பதம் சொல்லுதல்

சீட்டைக் கொடுத்ததும் நூடுல்ஸ் எந்தப் பதத்தில் வேண்டும் என்று கேட்பார்கள். யாவா என்றால் குழைவு, ஃபுட்சூ என்றால் சாதாரணம், கட்டா என்றால் விறைப்பு, பாரிகட்டா என்றால் மிகுந்த விறைப்பு. கிண்ணத்துக்கு வந்த பிறகும் கொதிக்கும் சாற்றில் நூடுல்ஸ் வெந்துகொண்டே இருக்கும் என்பதால் கட்டாதான் என் பரிந்துரை. பாரிகட்டாவில் மாவு வாடை சற்றுத் தூக்கலாக இருக்கும். அதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: சாப்பிடுதல்

முதலில் கரண்டியால் வெறும் சாற்றைச் சுவைத்துப் பாருங்கள். மேசையில் எள்ளும் பூண்டும் சிவப்பு இஞ்சி ஊறுகாயும் இருக்கும். இஞ்சியை எடுத்த எடுப்பிலேயே போட்டால் சாறு இளஞ்சிவப்பாகிப் புளிப்பேறிவிடும் என்பதால், பாதி சாப்பிட்ட பிறகு சேர்ப்பதே முறை. நூடுல்ஸைச் சத்தத்துடன் உறிஞ்சுவது அங்கே தவறன்று; கூடவே காற்றும் உள்ளே போவதால் சூடு தணிந்து, மணமும் மூக்குக்கு ஏறும். சத்தமில்லாமல் சாப்பிடு என்று அதட்டி வளர்க்கப்பட்டவர்களுக்கு முதலில் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

நான்காம் படி: கயேடாமா

இந்த உணவின் உண்மையான ருசி இங்கேதான் இருக்கிறது. மெல்லிய நூடுல்ஸ் சீக்கிரம் ஊறிக் குழைந்துவிடும் என்பதால், ஒரே தடவையில் நிறையப் போடாமல், கொஞ்சமாகக் கொடுத்து, வேண்டுபவர்களுக்கு மறுபடியும் வேகவைத்துப் போடுவார்கள்; இந்த மறு நூடுல்ஸுக்குத்தான் கயேடாமா என்று பெயர். மீன் சந்தையை ஒட்டிய நகாஹாமா பகுதியில், அவசரமாகச் சாப்பிட்டுப் போகும் சந்தைத் தொழிலாளர்களுக்காக உருவான வழக்கம் இது. கிண்ணத்தில் இரண்டு மூன்று வாய் மிச்சமிருக்கும்போதே "கயேடாமா" என்று கேட்டுவிடுங்கள். அதுவரை சாற்றைக் குடித்துத் தீர்த்துவிடக் கூடாது. நீர் வடித்த நூடுல்ஸ் உருண்டை வந்ததும் சாற்றில் இட்டு, குச்சிகளால் அடியிலிருந்து தூக்கிப் பிரித்துவிட வேண்டும். உப்பு குறைந்ததாகத் தோன்றினால் மேசையிலுள்ள சாஸைச் சில சொட்டு விடலாம்.

சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தை எதிரேயுள்ள உயர்ந்த பலகையில் வைத்து, "கொச்சிசோசமா" (உணவுக்கு நன்றி) என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்ளலாம். டிப்ஸ் வைக்கும் வழக்கம் அங்கே இல்லை.