சவ்வூடு பரவல்: சவ்வை மறப்பதால் வரும் தவறுகள்

உப்புநீரில் செல் சுருங்கும், வெறும் தண்ணீரில் வீங்கும் என்பது எல்லா மாணவர்களுக்கும் தெரியும். ஆனாலும் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பலர் தடுமாறுகிறார்கள். கரைசலைக் கவனிக்கும் அளவுக்கு, செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வைக் கவனிக்காததுதான் காரணம்.

உப்பு உள்ளே புகுந்து நீரை வெளியே தள்ளுகிறது என்று எழுதவே கூடாது. சவ்வைக் கடந்து நகர்வது நீர்தான். கரைபொருள் (உப்பைப் போல நீரில் கரைந்திருப்பது) குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குப் போகிறது. இதுதான் சவ்வூடு பரவல். ஐசோடானிக் கரைசலிலும், அதாவது செல் சுருங்கவோ வீங்கவோ செய்யாத கரைசலிலும், நீர் நின்றுவிடாது. போகும் அளவே திரும்பியும் வருவதால் செல்லின் பருமன் மாறுவதில்லை, அவ்வளவுதான். எந்தச் செல்லுக்கு என்று சொல்லாமல் ஒரு கரைசலை ஹைப்பர்டானிக் (செல்லைச் சுருக்குவது) என்று எழுதுவதும் அரைகுறைப் பதில். நம் ரத்தச் சிவப்பணுவைச் சுருக்கிவிடும் அதே கடல்நீரில் நட்சத்திர மீனின் செல்களுக்கு ஒரு குறையும் இல்லை.

காய்ச்சி வடித்த நீரில் சிவப்பணு வெடிக்கும். தாவரச் செல்லும் வெடிக்கும் என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். செல்சுவர் எதிர்த்து அழுத்துவதால் அது விறைத்து நிற்கும்.

ஆய்வகத்தில் ரியோ என்ற அழகுச் செடியின் இலையில் ஊதா நிற அடிப்புறத் தோலை உரித்து, அதை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் உப்புக் கரைசலை விட்டுப் பாருங்கள். ஊதா நிறம் முதலில் மூலைகளில் சுவரை விட்டு விலகும், பிறகு உருண்டு நடுவே ஒதுங்கும். இதுதான் பிளாஸ்மா சிதைவு. சுவருக்கும் சவ்வுக்கும் நடுவே தெரியும் இடைவெளியை வெற்றிடம் என்று பலர் குறிக்கிறார்கள். அங்கே இருப்பது வெளியிலிருந்து வந்த உப்புக் கரைசல். செல்சுவர் உப்பைத் தடுப்பதில்லை, சவ்வுதான் தடுக்கிறது. கொதிநீரில் முக்கி எடுத்த தோலில் இந்தச் சோதனை நடக்காது. செல்லின் உயிர் போகும்போதே சவ்வின் தடுப்பும் போய்விடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் யூரியா. 0.9% உப்புநீரில் சிவப்பணு அப்படியே இருக்கும். ஏறக்குறைய அதே சவ்வூடு அழுத்தம் (நீரை இழுக்கும் வலு) கொண்ட 1.8% யூரியாக் கரைசலில் போட்டால் சீக்கிரமே வெடித்துவிடும். யூரியாவைச் சிவப்பணுவின் சவ்வு தாராளமாக உள்ளே விடுகிறது; யூரியா நுழைய நுழைய நீரும் பின்னாலேயே வருகிறது. கிளிசரால் கரைசலிலும் இதே கதைதான். இந்த இரண்டில் ஒன்று வினாத்தாளில் வந்தால், செறிவை மட்டும் பார்த்து ஐசோடானிக் என்று முடிவு கட்டாதீர்கள்.