பாட்டு வீடியோ எடுக்கப் போகிறீர்களா? முதலில் ஸ்பீக்கரைத் தேடுங்கள்

கோத்தகிரியில் என் கடைக்கு வரும் தம்பிமார் எடுத்த எடுப்பில் கேமரா மாடலைத்தான் கேட்கிறார்கள். 'ஸ்பீக்கர் இருக்கா?' என்று நான் திருப்பிக் கேட்டால் முழிக்கிறார்கள். பாட்டு வீடியோவில் முன்பே பதிவான பாட்டை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, பாடுகிறவர் அதைக் கேட்டு வாயசைக்க வேண்டும்.

2003 ஜனவரியில் எங்கள் நீலகிரிப் படுகர் மக்களின் மொழியில் ஒரு பாட்டு வீடியோ ஆல்பம் எடுத்தேன். கோடநாடு சாலையோரத் தேயிலைத் தோட்டம், காலை ஆறரை மணி, புல்லெல்லாம் உறைபனி. டேப் ரெக்கார்டரில் பாட்டை ஓடவிட்டோம். குளிரில் பேட்டரி சோர்ந்து கேசட் இழுக்க ஆரம்பித்தது, ஒருவருக்கும் தெரியவில்லை. எடிட்டிங்கில் உட்கார்ந்தால், இரண்டாவது சரணத்தில் வாய் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். பாதியை என் கைக்காசில் மறுபடி எடுத்துக் கொடுத்தேன்.

போனில் ஓடும் பாட்டு அப்படி இழுக்காது. இருந்தாலும் மலையில் வேறொரு சிக்கல் உண்டு. சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். பாடுகிறவர் காலடியில் ஸ்பீக்கர், எதிர் மேட்டில் 100 மீட்டர் தள்ளி கேமரா என்றால், கேமரா மைக்குக்குப் பாட்டு வந்து சேர 0.3 விநாடி ஆகிவிடும். விநாடிக்கு 25 பிரேம், அதாவது 25 படம், என்ற கணக்கில் ஏழு பிரேம் பிந்தும். அதனால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால், பாட்டின் குறிப்பிட்ட ஒரு தாளத்தில் பாடுகிறவரைக் கைதட்டச் சொல்லுங்கள். எடிட்டிங்கில் கை சேரும் பிரேமைக் கண்ணால் பார்த்து அந்தத் தாளத்தோடு பொருத்துங்கள், மைக்கை நம்பாதீர்கள்.

ஸ்லோ மோஷனில் வாயசைப்பு சரியாக வரவேண்டுமா? பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, 50 பிரேமில் எடுத்து, 25-இல் ஓட்டுங்கள். முடியும் துணியும் மிதக்கும், உதடு மட்டும் பாட்டோடு நிற்கும். நான்கு நிமிடப் பாட்டை இரண்டு நிமிடத்தில் பாடித் தீர்க்க வேண்டும் என்பதால், பாடுகிறவர் முந்தின நாளே வீட்டில் பழகிவிட்டு வரட்டும்.

பாட்டுக்குப் படம் என்பது நேற்று முளைத்ததல்ல. 1940-களில் அமெரிக்காவில் 10 சென்ட் போட்டால் ஒரு பாட்டுப் படம் ஓடும் பெட்டி இருந்தது. சுருளில் அடுத்து எது இருக்கிறதோ அதைத்தான் பார்க்கலாம், நமக்குப் பிடித்ததைக் கேட்க முடியாது. அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமை தூர்தர்ஷனில் வந்த பாட்டு நிகழ்ச்சி 'ஒளியும் ஒலியும்' முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு அந்தத் தவிப்பு புரியும்! 1981 ஆகஸ்ட் 1-இல் எம்டிவி என்ற பாட்டு சேனல் வந்தபின் அமெரிக்காவில் வீடியோ இல்லாமல் பாட்டு விற்பது கஷ்டமானது. 2011-இல் 'கொலவெறி' வந்தபோது, ரெக்கார்டிங் அறையே போதும் என்று ஆனது. கையில் காசில்லையா, அந்த வழியில் போங்கள். மேக்கப்பைவிடப் பாடுகிறவர் சிரிப்பு நன்றாக வேலை செய்யும்.

எங்கள் ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வது 'உயிரே' படத்தின் 'தைய தையா'. ஓடும் எங்கள் நீலகிரி மலை ரயிலின் கூரைமேல் ஆட்டம், சந்தோஷ் சிவன் கேமரா. அதைப் பார்த்துவிட்டு யாரும் பெட்டிமேல் ஏற வேண்டாம். ரயில், காடு, டிரோன் மூன்றுக்கும் அனுமதி வாங்குங்கள்.

மூடுபனிக்காகப் பதற வேண்டியதில்லை. கதைப்படத்தில் வெயில் ஷாட்டுக்கு அடுத்து மூடுபனி வந்தால் உறுத்தும். பாட்டில் உறுத்தாது, ராகம் இரண்டையும் தைத்துவிடும். வானம் திறந்திருக்கும்போது அகல ஷாட்டுகளை முடித்துவிடுங்கள். மூடிய பிறகு முகத்துக்குப் போங்கள். பின்னால் சில்வர் ஓக் மரங்கள் சாம்பலாகக் கரைந்து நிற்கும், அந்த அழகை லைட் வைத்துக் கொண்டுவர முடியாது.

முடித்துவிட்டு டீக்கடைக்குள் நுழைந்ததும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். குளிர்ந்த லென்ஸில் அடுப்புச் சூட்டு ஆவி படிந்துவிடும். அரை மணி நேரம் பை மூடியே இருக்கட்டும்.